சாம்பல் நிற விருந்தாளி

வங்காளத்து ரயில்வே ஊராகிய இங்கு நான் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லேன். ஆகவே விண்வெளியைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்டால் அது நியாயமே. ஆயினும் சென்ற ஆவணி மாதத்தில் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் அழையாமலே நுழைந்துவிட்டார். அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று விசாரிப்பது வீட்டுக்காரனுடைய கடமை அல்லவா? அந்த விசாரணையின் விவரமே இது.

வந்தவரை நீங்களும் அறிவீர்கள். குள்ளமான மெலிந்த உடல். சாம்பல் நிறத் தோல். ஒரு மயிரும் இல்லாத பெருந்தலை. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, இமையும் வெண்விழியும் இல்லாமல் சரிந்து கிடக்கும் இரண்டு கறுப்புக் கண்கள். மூக்குக்கு இரு துளை, வாய்க்கு ஒரு கீறல். பிள்ளைகளின் பனியன்களில் அச்சிடுகிறார்கள். கைபேசியில் செய்தியோடு அனுப்பும் சிறு பொம்மை முகங்களில் அதுவும் ஒன்று. பறக்கும் தட்டில் வந்து மனிதரைத் தூக்கிச் செல்லும் வேற்றுலக வாசி இவ்வாறுதான் இருப்பார் என்பதில் உலகம் முழுவதும் ஒருமித்த கருத்து ஏற்பட்டிருக்கிறது. வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

ஒன்பது வயதான என் மகள், அடுத்த குவார்ட்டர்ஸில் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து கைபேசியில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தாள். மேஜைமேல் கிடத்தப்பட்ட அப்படிப்பட்ட உருவம் ஒன்றை மருத்துவர்கள் அறுத்துப் பார்க்கும் படம். அன்றிரவு முதல் ஜன்னல் ஓரத்தில் படுக்க மறுத்தாள். "அது ஜன்னல்கிட்டே நின்னு பாக்கும் அப்பா" என்றாள். நான் பெரிதாக நகைத்தேன். "உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அது என்ன செய்யும்? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அங்கேயும் முழிப்பாய்" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவுமில்லை. என் புத்திமதி பலித்துவிட்டது என்றே எண்ணினேன்.

பத்து நாள் கழித்து எனக்குத் தொடர்ச்சியாக இரவுப் பணி. மூன்றாம் நாள் காலை வீடு திரும்பிப் படுத்தவன், பத்து மணி அளவில் விழித்துக்கொண்டேன். கண் திறந்திருக்கிறது, சுவர்க் கடிகாரம் தெரிகிறது, சமையலறையில் பாத்திரம் துலக்கும் ஓசை கேட்கிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க இயலவில்லை. மனைவியைக் கூப்பிட முயன்றால் குரல் எழவில்லை. மார்பின்மேல் பாரம். கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் நிற்பதை நான் உணர்ந்தேன், பிறகு கண்டேன். கறுப்புக் கண்கள். என் மகளை நான் எந்த முகத்துக்காகப் பரிகசித்தேனோ அதே முகம்.

அரை நிமிடம் இருக்கலாம். கை அசைந்தது, உருவம் மறைந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயது ஆண்மகன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்?

இதற்கு முன்பும் ஒருமுறை எனக்கு இப்படி நேர்ந்ததுண்டு. பத்தொன்பது வயதில், கோவில்பட்டிப் பக்கத்து எங்கள் கிராமத்துத் திண்ணையில். அசைய முடியாத அதே நிலை, மார்பில் அதே பாரம். ஆனால் அன்று வந்தது முகமில்லாத கறுப்புச் சுமை. பாட்டியிடம் சொன்னபோது அவள் சற்றும் வியக்கவில்லை. "அமுக்குவான் வந்திருக்கான்" என்று சொல்லித் தலையணைக்கடியில் இரும்புச் சாவி ஒன்றை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வந்த துன்பம் இரண்டு முறையும் ஒன்றே. முகம் மட்டும் மாறியிருந்தது. ஏன் மாறியது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இரவுப் பணியில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே கிடைத்த நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது.

விசாரணை என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் அமெரிக்கா. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி இரவு. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் மலைச்சாலையில் பார்னி ஹில், பெட்டி ஹில் என்னும் தம்பதியர் காரில் வந்துகொண்டிருந்தனர். நயாகரா நீர்வீழ்ச்சியையும் மாண்ட்ரியால் நகரையும் பார்த்துவிட்டுப் போர்ட்ஸ்மத் என்ற தம் ஊருக்குத் திரும்பும் பிரயாணம். உடன் டெல்சி என்ற அவர்களுடைய நாய். வானில் ஓர் ஒளி அவர்களைத் தொடர்வதுபோல் தோன்றியது. ஓரிடத்தில் பார்னி காரை நிறுத்தி, இறங்கி, தொலைநோக்கியால் பார்த்தார். பெரிய வட்டமான ஊர்தி ஒன்றின் ஜன்னல்களில் உருவங்கள் நின்று தம்மையே நோக்குவதாகக் கண்டார். தம்மைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அலறிக்கொண்டு காருக்கு ஓடிவந்தார். வீடு வந்து சேர்ந்தபோது விடியும் நேரம். நான்கு மணி நேரத்துப் பிரயாணத்துக்கு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இடையில் நடந்தது இருவருக்கும் நினைவில் இல்லை.

பார்னி யார் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அந்தக் கதை வேறு விதமாகத் தோன்றலாயிற்று. அவர் தபால் இலாகா ஊழியர். பாஸ்டன் நகரில் இரவுப் பணி. வீட்டிலிருந்து சுமார் 60 மைல் காரோட்டிச் சென்று, இரவெல்லாம் வேலை பார்த்து, மறுபடி 60 மைல் திரும்புவார். வயிற்றுப்புண்ணும் இரத்தக் கொதிப்பும் இருந்தன. முதல் மனைவியிடம் பிறந்த புதல்வர்கள் தொலைவில் பிலடெல்பியாவில் இருந்தார்கள். நம் காலனியில் இவரை ஒத்தவர் பத்துப் பேரையாவது என்னால் காட்ட முடியும். இதற்கெல்லாம் மேலாக, அவர் கறுப்பினத்தவர், பெட்டி வெள்ளையர். இரு இனத்தார் மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள் அந்நாட்டின் பல மாநிலங்களில் 1967 வரை அமலில் இருந்தன. நியூ ஹாம்ப்ஷையரில் அப்படித் தடையில்லை. எனினும் அறிமுகமற்ற ஊர்களின் வழியே மனைவியுடன் இரவில் போகும் அவர், தம்மை உற்றுப் பார்க்கும் கண்களை எத்தனை கண்டிருப்பார்!

பத்து நாளுக்குப் பின் பெட்டிக்குத் தொடர்ந்து சில இரவுகள் கனவுகள் வந்தன. குள்ளமான மனிதர்கள் இருவரையும் ஊர்திக்குள் கொண்டுபோய் உடலைச் சோதிப்பதாகக் கனவு. அவற்றை எழுதி வைத்தார், தெரிந்தவர்களிடம் சொன்னார். பார்னியின் உடல்நிலை மோசமாயிற்று. இறுதியில் இருவரும் பாஸ்டனில் பெஞ்சமின் சைமன் என்ற மனநோய் மருத்துவரை நாடினர். அவர் 1964 ஜனவரி முதல் பல மாதங்கள் இருவரையும் தனித்தனியே மனோவசியத்தில் ஆழ்த்தி விசாரித்தார். அந்நிலையில் பார்னி அழுதார், கதறினார். முகத்தின் பக்கவாட்டு வரை நீண்டு செல்லும் கண்களைப் பற்றிச் சொன்னார். அக்கண்கள் தம் கண்களுக்குள் புகுந்துவிட்டனபோல் துடித்தார்.

இங்கே ஒரு செய்தி. மார்ட்டின் காட்மையர் என்ற ஆராய்ச்சியாளர் 1990இல் இதை எடுத்துக் காட்டினார். பார்னி அந்தக் கண்களை வர்ணித்த நாள் 1964 பிப்ரவரி 22. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 10ஆம் தேதி, 'தி அவுட்டர் லிமிட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு கதை வந்தது. அதில் தோன்றிய வேற்றுலக வாசிக்கு முகத்தைச் சுற்றி வளைந்த அத்தகைய கண்கள் இருந்தன. அந்நிகழ்ச்சியைத் தாங்கள் பார்க்கவில்லை என்று பெட்டி பின்னாளில் மறுத்தார். பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். அதை நான் தீர்மானிக்க இயலாது. ஆனால் கைபேசியில் வந்த முகம் பத்தே நாளில் என் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றதே! எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் சைமன் அவ்விருவரையும் பொய்யர் என்று கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வானில் எதையோ கண்டு அவர்கள் மெய்யாகவே அஞ்சினர். கடத்திச் சென்ற கதையோ பெட்டியின் கனவிலிருந்து பிறந்து, கேட்டுக் கேட்டுக் கணவர் மனத்திலும் இறங்கியது என்பது அவர் முடிவு. நானும் அதையே ஏற்கிறேன். இருவரும் விளம்பரம் தேடியவர்களும் அல்லர். 1965 அக்டோபரில் பாஸ்டன் நாளிதழ் ஒன்று அவர்களுடைய சம்மதமின்றியே கதையை வெளியிட்டுவிட்டது. மறு ஆண்டு ஜான் ஃபுல்லர் என்பவர் அவர்களுடைய ஒத்துழைப்போடு புத்தகம் எழுதினார். 1969இல், நாற்பத்தாறாம் வயதில், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுப் பார்னி காலமானார். பெட்டி 2004 வரை வாழ்ந்தார்.

பெட்டியின் கனவில் முதலில் வந்தவர்களுக்குப் பெரிய மூக்கும் கறுத்த தலைமயிரும் இருந்தன என்பது வேடிக்கை. அந்த மூக்கு எங்கே போயிற்று? வாய்க்கு வாய், படத்துக்குப் படம் மாறுகையில் தேய்ந்து மறைந்தது. ஹில் தம்பதியரின் கதை 1975இல் தொலைக்காட்சிப் படமாயிற்று. 1977இல் ஸ்பீல்பர்க் எடுத்த படத்தில் ஒளிவெள்ளத்தினூடே மயிரில்லாத குட்டி உருவங்கள் இறங்கி வந்தன. 1987இல் விட்லி ஸ்ட்ரீபர் என்பவர் தமக்கு நேர்ந்ததாக எழுதிய புத்தகத்தின் அட்டையில் அந்த முகம் முழுப்பக்கத்துக்கு அமைந்து, கடைதோறும் நின்று, வருவோர் போவோரையெல்லாம் உற்றுப் பார்த்தது. பெருந்தலையும் சிறுத்த உடலும் இன்னும் பழைய சரக்கு. எதிர்கால மனிதன் மூளை பெருத்து உடல் குன்றிப்போவான் என்று எச். ஜி. வெல்ஸ் 1893லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுபவன் என்ற முறையில் அவர் கூற்றை என்னால் முற்றிலும் தள்ளிவிட முடியவில்லை.

என் மகள் பார்த்த அறுவைப் படமோ முழு மோசடி. 1947இல் ராஸ்வெல் என்ற ஊரருகே விழுந்த பறக்கும் தட்டிலிருந்து எடுத்த உடல் என்று சொல்லி 1995இல் உலகமெங்கும் காட்டினார்கள். வெளியிட்ட ரே சாண்டிலி என்பவரே அது பின்னாளில் செய்து படம்பிடித்தது என்று 2006இல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட செய்தி மட்டும் அடுத்த குவார்ட்டர்ஸ் வரை வந்து சேரவில்லை.

என் கட்டிலருகே நின்றவர் கதை வேறு. அதில் மோசடி இல்லை. கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகளை மூளை செயலிழக்கச் செய்து வைக்கிறது. இல்லையேல் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து ஓடுவான். சில வேளை, கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. உடல் கட்டுண்டு கிடக்க, கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே நடமாடுகிறது. உறக்கம் முறைதவறியவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் என்கிறார்கள். முறை மாற்றிப் பணி செய்யும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வியாதி வேறில்லை. ஜப்பானியர் இதைக் கனஷிபாரி என்பர். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கிழவி வந்து அமர்ந்தாள் என்பர். எங்கள் ஊரில் அமுக்குவான். படுக்கையறையில் நள்ளிரவில் வேற்றுலகத்தார் வந்து நின்றதாகச் சொன்னவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. பார்னிக்கு நேர்ந்தது சாலையில், விழித்திருக்கும்போது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க நான் துணியமாட்டேன்.

இவற்றையெல்லாம் அலுவலகத்தில் ஒரு வங்காளி நண்பரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் பங்கு பாபுவைப் படித்ததில்லையா?" என்று கேட்டு, மறுநாள் தம் மகளின் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சத்யஜித் ராய் 1962இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் எழுதிய கதை. ஹில் தம்பதியரின் கதை வெளியாகச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது. பங்கு பாபு ஒரு கிராமத்து ஆரம்பப்பள்ளி ஆசிரியர். ஊராரின் ஓயாத பரிகாசத்தைப் பொறுத்துக்கொண்டு வாழும் சாது. இரவில் மூங்கில் தோப்பில் வேற்றுலக வாசி ஒருவரைச் சந்திக்கிறார். அவர் புளூட்டோவுக்குப் போகவேண்டியவராம்; வழிதவறி இங்கு இறங்கிவிட்டாராம். இடம் மாறி வந்த மூட்டைகளோடு பழகியவனுக்கு இதில் என்ன வியப்பு! அவர் பங்கு பாபுவைத் தூக்கிச் செல்லவில்லை, அறுக்கவில்லை, பேசிவிட்டுப் போகிறார். மறுநாள் பங்கு பாபு, பரிகசித்தவர்களை நிமிர்ந்து நின்று ஏசிவிட்டு வெளியேறுகிறார். இதையொட்டி 1967இல் ராய் ஒரு திரைக்கதையும் எழுதினார்; படம் எடுக்கப்படவில்லை.

பரிகசித்தவர்கள் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தவன் யார்?

அன்று இரவு எனக்கு ஓய்வு. மகளை அருகில் உட்காரவைத்து, என் கட்டிலருகே யார் வந்தார் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். "நீங்களும் பயந்தீங்களா அப்பா?" என்றாள். பயந்தேன் என்றேன். கூப்பிடக் குரல் வரவில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பார்னியின் கதையைச் சொன்னேன். ஸ்பீல்பர்க் படத்தில் இறங்கி வந்த குட்டி உருவங்கள், முகமூடி மாட்டிய உள்ளூர்ச் சிறுமிகளே என்றதும் அவள் முகம் சற்று மலர்ந்தது. கண் வழியே அந்த முகமூடிக்குள் நன்றாகத் தெரிந்திருக்குமா, நடக்கையில் தடுக்கி விழுந்திருப்பார்களா என்றெல்லாம் கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு!

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். வெகுநேரம் சென்று, உறங்கிவிட்டாள் என்று நான் எண்ணியபோது இருட்டில் குரல் வந்தது.

"அப்பா, அந்த நாய் என்னாச்சு?"

"டெல்சியா? அவர்களோடு அதுவும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது."

"சரி" என்றாள். பிறகு, "ஜன்னல் மட்டும் சாத்தியே இருக்கட்டும்" என்றாள்.

எழுந்துபோய்ச் சாத்தினேன்.