வெறுங்கையோட வந்தா வெற்றி!

வெறுங்கையோட வெளியே வந்தா துள்ளிக் குதிக்கிற இடம் சென்னையில ஒண்ணு இருக்கு. அண்ணா சாலை, 220-ம் நம்பர். ஆட்டோக்காரர்கிட்ட ‘துணைத் தூதரகம்’னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பார். ‘அமெரிக்கன் எம்பசி’ன்னு சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டு போய் விட்டுடுவார். மெட்ரோன்னா ஆயிரம் விளக்கு ஸ்டேஷன்ல இறங்கி நடக்கணும்.

உள்ளே போகும்போது எல்லார் கையிலயும் பாஸ்போர்ட். விசா ஓ.கே. ஆனா, ஸ்டாம்பிங்குக்காக அதிகாரி அதை வாங்கி வெச்சுப்பார். இல்லைன்னா ஒரு சீட்டோட திருப்பிக் கொடுத்துடுவார். அதனால வெளியே காத்துக் கிடக்கிற அப்பா, அம்மா, மாமாக்கள் யாரும் வர்றவங்க முகத்தைப் பார்க்கிறதே இல்லை. கண்ணு நேரா கைக்குத்தான் போகுது!

இடமும் லேசுப்பட்டதில்லை. 1973-ல கட்டின மேம்பாலம், குதிரையை அடக்குற வீரன் சிலை, ஒரு காலத்துல வாசன் சினிமா எடுத்த ஜெமினி ஸ்டுடியோ இருந்த முனை. கதீட்ரல் ரோடு பக்கம் செம்மொழிப் பூங்கா. அங்கேதான் முன்னாடி டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்துச்சு. உங்க சீனியர்களோட சீனியர்கள்கிட்ட கேளுங்க, பெருமூச்சு விடுவாங்க.

க்யூவுல எம்.எஸ். படிக்கப் போற கூட்டம்தான் ஜாஸ்தி. நாம தேடிப் போனது வேற கோஷ்டி. எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல ஒரே ஒரு செமஸ்டர் போயிட்டு வர்ற ஆட்கள். இவங்களுக்கு ஜே-1 விசா. புரோகிராம் நடத்துறவங்க அனுப்புற டி.எஸ்-2019 பேப்பர்தான் உயிர்நாடி. அதை வெச்சு செவிஸ் ஃபீஸ் 220 டாலர், விசா ஃபீஸ் 185 டாலர் கட்டணும். நம்ம காசுல முப்பதாயிரத்தைத் தாண்டிடும். விசா கிடைக்கலைன்னாலும் திரும்பி வராத பணம் இது. அமெரிக்க அரசே செலவு பண்ற புரோகிராம்னா இந்த ரெண்டு ஃபீஸும் கிடையாது. தப்பிச்சீங்க!

அப்புறம் டி.எஸ்-160 ஃபாரம். தாத்தா ஜாதகம் தவிர எல்லாத்தையும் கேட்கும். 2025 ஜூன்ல இருந்து சோஷியல் மீடியா அக்கவுன்ட்டையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கச் சொல்லிட்டாங்க. கைரேகை, போட்டோவுக்குத் தனியா ஒரு சென்டர், தனியா ஒரு நாள். பழவந்தாங்கல்ல விசா கணபதின்னே ஒரு பிள்ளையார் இருக்கார். அவரையும் விடுறதில்லை நம்ம மக்கள்.

இத்தனையும் முடிச்சு ஜன்னல் முன்னாடி நின்னா, மூணே நிமிஷம். சில பேருக்கு அதுகூட இல்லை. அந்த மூணு நிமிஷத்துக்குப் பின்னாடி நிக்கிறது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தோட 214(பி) பிரிவு. வர்றவர் அங்கேயே தங்கப் போறவர்னுதான் முதல்ல எடுத்துக்கும். ‘இல்லீங்க, திரும்பி வந்துடுவேன்’னு நிரூபிக்க வேண்டியது நீங்க. அப்பீல் கிடையாது. மறுபடி ஃபீஸ் கட்டி மறுபடி வரலாம், அவ்வளவுதான்.

ஜே-1-ல திரும்பி வர்றதுதான் விஷயமே. 1961-ல வந்த சட்டம் இந்தப் பரிமாற்றங்களை வளர்த்ததே, போய்ப் பார்த்துட்டு ஊருக்கு வந்து நாலு பேர்கிட்ட சொல்லணும்னுதான். புரோகிராம் முடிஞ்சதும் 30 நாள் டயம், ஊர் சுத்திட்டுக் கிளம்பிடணும். ஆனா, திரும்புவேன்னு இருபது வயசுல எதைக் காட்டி நிரூபிக்கிறது? சொந்த வீடு இல்லை, வேலை இல்லை, கல்யாணம் ஆகலை. அந்த வயசுக்காரங்களை ஊரோட கட்டி வைக்கிறது எதுவும் ஃபைல்ல அடங்காது.

விருதுநகர் பக்கத்துல இருந்து மாமாவோட வந்திருந்த ஒரு பொண்ணு, வீட்டுப் பத்திரம் வரைக்கும் கட்டிக் கொண்டு வந்திருந்தாங்க. அதிகாரி ஃபைலைத் திறக்கவே சொல்லலையாம். “செமஸ்டர் முடிஞ்சதும் என்ன பண்ணுவே?”ன்னு கேட்டிருக்கார். “மே மாசம் வந்துடணும் சார். இங்கே ஒரு பேப்பர் எழுத வேண்டியிருக்கு, விட்டா அரியர் ஆயிடும்!” சிரிச்சுக்கிட்டே பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டாராம். மனப்பாடம் பண்ணின இங்கிலீஷைவிட அரியர் பயம் நல்லாவே வேலை செஞ்சிருக்கு. வெளியே வந்த பொண்ணு கையை துப்பட்டாவுக்குள்ளே மறைச்சு வெச்சுக்கிட்டு விளையாட்டு காட்ட, மாமாவுக்கு வியர்த்துக் கொட்டிடுச்சு. “எடு கையை, எருமை!”

அவங்களுக்குப் பின்னாடியே வந்த பையனுக்கும் எக்ஸ்சேஞ்ச்தான், ஒரு செமஸ்டர்தான். கையில பாஸ்போர்ட், நாலா மடிச்ச சீட்டு. அவரும் பரீட்சை பத்திச் சொல்லியிருக்கார். என்ன குறைஞ்சதுன்னு அவருக்கே பிடிபடலை.

உள்ளே செல்போன், பை எதுவும் கொண்டு போக முடியாது. அதையெல்லாம் காசு வாங்கிக்கிட்டுப் பார்த்துக்கிற ஆட்கள் பக்கத்துலயே உண்டு. அந்தப் பையன் போய் போனை வாங்கி ஆன் பண்ணினார். வீட்டுல இருந்து ஆறு மிஸ்டு கால். உடனே கூப்பிடலை. கொஞ்ச நேரம் மேம்பாலத்து மேல போற வண்டிகளையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் பை வெச்சதுக்குக் காசை நீட்டினார்.

பைக்காரர் அவர் கையைப் பார்த்தார். “இருக்கட்டும் தம்பி. அடுத்த தடவை வரும்போது சேர்த்துக் குடு.”