மார்கழிக் கதம்பம் - கொல்கத்தாவிலிருந்து

ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடந்த ஒரு மாசமாகப் பார்த்தது, தின்றது, சுற்றியது எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தீனி சமாச்சாரம் தூக்கலாக இருக்கும். பசியோடு இருப்பவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் :-)

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் பெங்காலிகளுக்கும் வருஷம் பிறக்கிறது. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த மாசத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வைசாகம். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் நம்ம மார்கழிதான் இவர்களுக்குப் பௌஷ மாசம். அதன் கடைசி நாள் பௌஷ சங்கராந்தி. நாம் பொங்கல் வைக்கும் சமயம். வருஷம் முழுக்க வியர்வையையும் டிராஃபிக்கையும் திட்டிக்கொண்டிருக்கும் ஊர், இந்த ஒரு மாசம் மட்டும் எதையும் திட்டாது. எல்லாருக்கும் ஒரு கல்யாண வீட்டுக் களை வந்துவிடும்.

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளியும் உண்டு. அம்மா. அப்பா போன ஆடியில் தவறிப்போனார். அதிலிருந்து திசையன்விளைப் பக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். "இங்க வந்து இருந்துரும்மா" என்று நானும் தங்கமணியும் மாற்றி மாற்றி போனில் கேட்டு, கடைசியில் "ஒரு மாசம் வாரேன். பொறவு பாப்பம்" என்றாள். ஹௌரா-கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்துக்கொண்டுதான் வந்தாள். ஆகவே இந்த மாசம் எனக்கு வெறும் ஜாலி மாசம் இல்லை. ஒரு மாசத்துக்குள் ஊரைக் காட்டி ஆளை மடக்கியாக வேண்டும்.

குரங்குக் குல்லா

மினிமம் டெம்பரேச்சர் 13 டிகிரிக்கு வந்தாலே போதும், "ஷீத் பொரேச்சே!" (குளிர் விழுந்துவிட்டது) என்று ஊரே அலமாரியைத் திறந்துவிடும். டெல்லிக்காரன் கேட்டால் சிரிப்பான். வெலிங்டன் ஸ்கொயர் ஓரத்தில் வருஷா வருஷம் மலைநாட்டுக்காரர்கள் வந்து ஸ்வெட்டர் கடை போடுவார்கள். அங்கே அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினோம். வாண்டு விடவில்லை, முகம் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா ஒன்றை ஆச்சி தலையில் மாட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "இதப் போட்டுக்கிட்டு நம்ம தெருவுல நடந்தா நாய்தான் முடுக்கும்." ஆனால் மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது தலையில் அதுதான் இருந்தது.

மிருகங்களும் ஆரஞ்சும்

அலிப்பூர் மிருகக்காட்சிசாலை 1876-ல் திறந்தது. டிசம்பர் 25-ம் ஜனவரி 1-ம் அங்கே கூட்டம் அலைமோதும். மிருகம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. இளவெயிலில் உட்கார்ந்து, டார்ஜிலிங் பக்கத்து கமலா ஆரஞ்சை உரித்துத் தின்பதுதான் நிகழ்ச்சி நிரல். நாங்கள் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில் போனோம். அம்மா ஒட்டகச்சிவிங்கியை இரண்டு நிமிஷம் பார்த்தாள், பக்கத்தில் பெட்டிப் பெட்டியாக லூச்சியும் ஆலூர்தமும் திறந்து சாப்பிட்ட குடும்பத்தை அரை மணி நேரம் பார்த்தாள். "இவ்வளவு சோம்பேறித்தனமா, இவ்வளவு சந்தோசமா இருக்காவளே" என்றாள். கொல்கத்தாவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பார்க் ஸ்ட்ரீட் விளக்குகள், நியூ மார்க்கெட்டில் நாஹூம் கடை கேக் எல்லாம் வழக்கம்போல. பாக்தாதி யூதக் குடும்பம் 1902-ல் ஆரம்பித்த கடை அது. வரிசையில் நின்று வாங்கிய ப்ளம் கேக்கை அம்மா ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். சரி, இதற்கும் மடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நொலேன் குர்

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். நொலேன் குர் என்றால் ஈச்ச மரத்து வெல்லம். நவம்பர் கடைசியில் தலைகாட்டி பிப்ரவரியோடு போய்விடும். இந்தச் சில வாரங்களுக்கு சந்தேஷ், ரசகுல்லா, பாயசம் எல்லாமே வெள்ளையிலிருந்து இளம்பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். மாடி வீட்டு மாசிமா ஒரு கிண்ணம் ஜோலா குர் (பாகு மாதிரித் தண்ணியாக இருக்கும் வகை) கொண்டுவந்து கொடுத்தார். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது எங்க ஆச்சி விடிலி வாசம்லா" என்றாள்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் ஓலைக் குடிசைதான் விடிலி. அம்மா சின்ன வயசில் பாதி நாள் அங்கேதான் கிடந்திருக்கிறாள். சிரட்டையில் கருப்பட்டி ஊற்றின கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனால் இந்த ஊரில் அதைக் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாசிமாவின் சொந்தக்காரர் ஊருக்கு, ஜய்நகருக்கு அந்தப் பக்கம், சியால்டாவிலிருந்து முதல் லோக்கலைப் பிடித்துப் போனோம். ஜய்நகர் என்றால் மோவா. கனக்சூர் நெல்லைப் பொரித்து இந்த வெல்லத்தில் பிடித்த உருண்டை. 2015-ல் புவிசார் குறியீடு வாங்கியது. (நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் கிடைத்தது என்று அம்மா சார்பில் இங்கே பதிவு செய்யப்படுகிறது.)

மரம் ஏறுகிறவரை இங்கே சியூலி என்கிறார்கள். பனையில் நாம் பாளையைச் சீவுவோம். இவர்கள் ஈச்ச மரத்தின் கொண்டைக்குக் கீழே தண்டையே ஒரு பக்கம் செதுக்கி, காயவிட்டு, அப்புறம் வெட்டி மூங்கில் குழாய் சொருகுகிறார்கள். சாயங்காலம் பானை கட்டினால் ராத்திரி முழுக்கச் சொட்டும். விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். சில நாள் மரத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி வெட்டும்போது வரும் முதல் சாறு, ஜிரேன் என்பது, அதுதான் ஒசத்தி.

"சுண்ணாம்பு எங்க?" என்று அம்மா கேட்டாள். பதநீர் புளிக்காமல் இருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோமே, அது. இங்கே பெரும்பாலும் குளிரே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. அதனால்தான் குளிர் குறைந்தால் சாறும் குறைகிறது, வாசமும் போகிறது. மரம் ஏற ஆள் இல்லை, பையன்கள் எல்லாம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், சர்க்கரை கலந்து எசன்ஸ் ஊற்றி விற்கிறவர்கள்தான் லாபம் பார்க்கிறார்கள் என்று சியூலி புலம்பினார். நான் அரைகுறையாக மொழிபெயர்ப்பதற்குள் அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதுக் கதையா என்ன?

அகலத் தகரத் தட்டில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. சியூலியின் மனைவி கிண்டிக்கொண்டிருந்தார். அம்மா நுரையைப் பார்த்து, "இன்னும் ரெண்டு கொதி" என்று தமிழில் சொன்னாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இரண்டு கொதி விட்டுத்தான் இறக்கினார். நம்பினால் நம்புங்கள்.

மாசத்தின் படம்

திரும்பி வந்த வாரம் வீட்டில் 'சௌதாகர்' போட்டேன். 1973-ல் வந்த அமிதாப் படம். நரேந்திரநாத் மித்ரா எழுதிய 'ரஸ்' என்கிற பெங்காலிக் கதை. மரம் ஏறி வெல்லம் விற்கும் மோத்தி, தன் சாற்றை அருமையாகக் காய்ச்சித் தரும் விதவை நூதனைக் கட்டிக்கொள்கிறான். காசு சேர்ந்ததும் அவரைக் கைவிட்டு அழகி ஒருத்தியைக் கட்டுகிறான். புதுப் பெண்டாட்டி வெல்லத்தைத் தீய்த்துவிடுகிறாள். வியாபாரம் படுத்துவிடுகிறது. ஆஸ்காருக்கு அந்த வருஷம் இந்தியா அனுப்பிய படம் இதுதான்.

அம்மாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. சப்டைட்டிலும் கிடையாது. ஆனால் முழுசாகப் பார்த்தாள். கடைசியில் அமிதாப் பானைகளைத் தூக்கிக்கொண்டு நூதன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, "பாகு பதம் தெரியாதவ மேல என்னல தப்பு? கை தெரிஞ்சவள வெரட்டுனான் பாரு, அவனச் சொல்லணும்" என்றாள். நம்ம ஊர் விமர்சகர்கள் கவனிக்கவும்.

பாட்டி சாப்டா

சங்கராந்திக்கு மாடியில் பிட்டே, கீழே பொங்கல். பச்சரிசி மாவுத் தோசைக்குள் தேங்காயும் நொலேன் குர்ரும் வைத்துச் சுருட்டுவதற்குப் பெயர் பாட்டிசாப்டா. "ஆச்சி சாப்டாளா?" என்று வாண்டு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வந்தேன். வெல்லத்துக்குப் பதிலாகப் பொங்கலில் பட்டாலி குர்ரை (அச்சு வெல்லம் மாதிரி கட்டி) உடைத்துப் போட்டது அம்மாவின் ஐடியா. மாசிமா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. மாசிமாவின் கணவரும் நாலு வருஷம் முன்னால் தவறியவர். மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி கேட்டேன். "இருந்துருதியாம்மா?"

"இல்லய்யா. மாசி வந்தா அங்க பதநி எறங்கிரும். ஒங்க அப்பா வச்ச முருங்கைக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும். வீட்டப் பூட்டிப் போட்டா அது வீடா? மார்கழி மார்கழி வாரேன். அது போதும்."

வாதாடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தங்கமணி கண்ணைக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான்: ஒரு மாசம் முன்னால் "பொறவு பாப்பம்" என்றவள், இப்போது தானாக ஒரு தேதி சொல்கிறாள்.

போன திங்கள் ஹௌராவில் ஏற்றிவிட்டோம். பையில் இரண்டு கிலோ பட்டாலி. அடுத்த தடவை உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவருவதாக மாசிமாவுக்கு வாக்கு. ரயில்வே 60 நாளைக்கு முன்னால்தான் டிக்கெட் தருகிறான் என்று தெரிந்ததும், "அக்டோபர்ல எனக்கு ஞாபகப்படுத்து" என்று வாண்டுவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அது காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறது.

பி.கு.: பிப்ரவரிக்குள் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பட்டாலி வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி கிண்ணென்று இருந்தால் சர்க்கரை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். லேசாக அமுங்கி, ஓரம் உதிர்ந்தால் வாங்கலாம். அப்புறம் மோந்து பாருங்கள். அம்மா சொல்வது போல, மூக்கை ஏமாற்றுவது கஷ்டம்.