ரயில் நின்ற தடத்தில் சைக்கிள் ஓடுது!

நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே 152 கிலோமீட்டர் சரளைப் பாதை

காலங்காலமாக ஓடிய ரயில் ஒருநாள் நின்றுவிட்டால், அதை நம்பியிருந்த ஊர்கள் என்ன ஆகும்? கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். இளவட்டங்கள் பிழைப்புக்கு நகரம் போவார்கள். நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கும் சென்ட்ரல் ஒட்டாகோ பகுதிக்கு 1990-ம் ஆண்டு அப்படி ஒரு நிலைமை வந்தது. தண்டவாளம் போன பிறகு மிச்சமிருந்த நிலத்தை அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்பது, கிராமத்தில் காடு, கழனி வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

வறண்ட மண், பழைய வாய்க்கால்

நியூசிலாந்து என்றாலே பச்சைப் புல்வெளியும் கறவை மாடும்தான் நினைவுக்கு வரும். சென்ட்ரல் ஒட்டாகோ அப்படிப்பட்ட இடமல்ல. மேற்கே இருக்கும் மலைத்தொடர் மழை மேகத்தை மறித்துவிடுவதால், இங்குள்ள பள்ளத்தாக்குகளில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 400 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். கோடையில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். குளிரோ எலும்பைத் துளைக்கும். 1903-ல் ரான்ஃபர்லி என்ற ஊருக்கு அருகே மைனஸ் 25.6 டிகிரி பதிவானது. மலைச்சரிவுகளில் மெரினோ செம்மறி ஆடுகள், தண்ணீர் எட்டும் இடங்களில் செர்ரி, ஆப்ரிகாட், திராட்சைத் தோட்டங்கள். இதுதான் அங்குள்ள விவசாயம்.

1860-களில் இங்கே தங்கம் கிடைத்தது. தங்கம் தேடி வந்தவர்கள், மண்ணைக் கழுவுவதற்காக மலையைச் சுற்றி நீண்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். தங்கம் தீர்ந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அந்த வாய்க்கால்களில் பலவற்றை விவசாயிகள் பாசனத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வேலைக்கு உண்டாக்கியதை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்துவது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

வந்த ரயிலும் போன ரயிலும்

துறைமுக நகரமான டுனெடின் பக்கத்திலிருந்து 1879-ல் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். 1891-ல் மிடில்மார்ச், 1907-ல் கிளைட் என்று பாதை மெல்ல மெல்ல உள்நாட்டுக்குள் நுழைந்தது. கம்பளி மூட்டை, ஆடு, பழம் எல்லாம் இந்த ரயிலில்தான் துறைமுகம் போயின. பிறகு லாரிகள் வந்தன. ரயிலுக்குச் சரக்கு குறைந்தது. கிளைட் அணை கட்டுவதற்குச் சாமான்கள் கொண்டுபோகும் வேலை இருந்ததால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அந்த வேலையும் முடிய, 1990 ஏப்ரலில் ரயில் நின்றது. 1984-லிருந்து அரசு விவசாய மானியங்களை நிறுத்தத் தொடங்கியதால் ஆடு வளர்ப்போர் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அடிமேல் அடி.

டுனெடினிலிருந்து மிடில்மார்ச் வரையிலான பகுதியைச் சுற்றுலா ரயிலுக்காக அந்த நகர நிர்வாகம் வாங்கிக்கொண்டது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைட் வரை மிச்சமிருந்த தடத்தை 1993-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை முழுசாகக் கையில் எடுத்தது. இந்த ‘முழுசாக’ என்பதுதான் முக்கியம். நடுவே நாலு துண்டு நிலம் தனியார் கைக்குப் போயிருந்தால்கூட, பாதை அங்கங்கே அறுந்து, எதற்கும் உதவாமல் போயிருக்கும்.

பக்கத்துப் பண்ணைக்காரர்களில் பலர் இதை முதலில் விரும்பவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஆடுகளை மிரட்டினால் என்ன செய்வது? வேலிக்கதவைத் திறந்துபோட்டுப் போனால்? காய்ந்த புல்லில் தீப்பொறி விழுந்தால்? மோட்டார் வண்டிக்கு இடமில்லை, சைக்கிள், நடை, குதிரைச் சவாரி மட்டும்தான் என்று முடிவானது. வேலிக்கதவு விஷயத்தில் அந்த நாட்டுப் பண்ணைகளின் பழைய வழக்கமே விதியாக இருக்கிறது. மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட வேண்டும்.

தண்டவாளத்தையும் கட்டைகளையும் பிடுங்கி எடுத்தார்கள். அடியில் இருந்த ஜல்லியின் மேல் பொடிச் சரளையைப் பரப்பி இறுக்கினார்கள். 60-க்கும் மேற்பட்ட பாலங்களுக்குப் பலகை அடித்து, கைப்பிடி வைத்தார்கள். 1994-ல் உள்ளூர் மக்களின் அறக்கட்டளை ஒன்று உருவாகி நிதி திரட்டியது. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

மூச்சு வாங்காத மேடு

நீராவி இன்ஜினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் அன்றைக்கு மண்ணை வெட்டியும் கொட்டியும் 50 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் வராமல் தடம் போட்டார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று சைக்கிள்காரர்களுக்குக் கிடைக்கிறது. பேரப்பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்தே மிதிக்கலாம்.

கிளைட்டில் கிளம்பினால் அடுத்து வருவது அலெக்சாண்ட்ரா. அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் தைம் என்ற மூலிகைச் செடி தானாகவே மண்டிக்கிடக்கிறது. நம் ஓமத்துக்கு வாசம் கொடுக்கும் தைமால் என்ற பொருள் இந்தச் செடி வகையிலும் உண்டு. அது பூக்கும் காலத்தில் எடுக்கும் தேனுக்குத் தனி மவுசு. பிறகு ஒமகாவ், லாடர் என்று சிற்றூர்கள். அதைத் தாண்டினால் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. 37 மீட்டர் உயரப் பாலம், விளக்கே இல்லாத இரண்டு குகைப்பாதைகள். டார்ச் இல்லாமல் உள்ளே போனால் கையே கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து ஒட்டுரெஹுவா. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-ல் தொடங்கிய பண்ணைக் கருவிப் பட்டறையை இந்த ஊரில் இன்றும் பார்க்கலாம். முயல் தொல்லை தாங்காமல் விவசாயிகள் தவித்த காலம் அது. முயலுக்கு வைக்கும் விஷத்தீனியை நறுக்கும் கருவியைச் செய்து அவர் தொழிலை ஆரம்பித்தார். வேலிக்கம்பியை இழுத்து முறுக்கும் அவருடைய கருவி பிறகு பல நாடுகளுக்குப் போனது. பட்டறைச் சாமானுக்கு ஆர்டர் பிடித்தவர் அவர் மனைவி ஹன்னா. பண்ணை பண்ணையாகச் சைக்கிளிலேயே போய் விற்றிருக்கிறார். அந்தச் சீமையில் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்த முன்னோடி என்று அந்த அம்மாவைச் சொல்லலாம்.

அங்கிருந்து 618 மீட்டர் உச்சியைத் தொட்டு, வெடர்பர்ன், ரான்ஃபர்லி, வைப்பியாட்டா, ஹைட் வழியாக மிடில்மார்ச்சில் பயணம் முடிகிறது. வெடர்பர்ன் அருகே 45-வது அட்சரேகையைக் கடக்கிறோம். பூமத்திய ரேகைக்கும் தென்துருவத்துக்கும் சரிபாதி இடம் அது. வழி நெடுக ஹாரன் சத்தம் கிடையாது. ஆடு கத்துவதும் காற்று வீசுவதும்தான் காதில் விழும்.

மெதுவாகப் போகிறவரே நல்ல வாடிக்கையாளர்

பாதையில் போகக் கட்டணம் இல்லை. அப்படியானால் ஊருக்கு என்ன லாபம்? காரில் வருகிறவர் இந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்து, ஒரு காபியோடு போய்விடுவார். சைக்கிளில் வருகிறவருக்கு மூன்று, நான்கு நாளாகும். அத்தனை இரவுக்கும் படுக்கை வேண்டும். மூன்று வேளை சாப்பாடு வேண்டும். பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும். மூட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். இதையெல்லாம் கொடுப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஆளில்லாத பழைய வீடுகளும் பண்ணை விடுதிகளும் தங்குமிடமாயின. தூங்கி வழிந்த ஓட்டல்களில் அடுப்பு எரிந்தது. 2009-ல் நியூசிலாந்து அரசு நாடு முழுவதும் சைக்கிள் பாதைகள் அமைக்க முன்வந்தபோது, இந்தப் பாதைதான் கண்முன் உதாரணமாக இருந்தது.

ஆனாலும் இது ஊடுபயிர்தான். ஆட்டையும் பழத்தோட்டத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்ப முடியாது. குளிர் மாதங்களில் கூட்டம் இருக்காது. பாதையை விட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு வரும்படி குறைவு. மழை அரித்த இடத்தில் சரளை கொட்டிச் செப்பனிடும் செலவும் ஓயாது. இதைத் தெரிந்துகொண்டு, பண்ணை வேலையோடு சேர்த்துச் செய்த குடும்பங்களுக்கு இது கைகொடுத்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகள் நியூசிலாந்தில் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து அங்கே போகிறவர்கள், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் போவது நல்லது. நம் ஐப்பசி, கார்த்திகை அங்கே வசந்தம். சைக்கிளை வாடகைக்கே எடுக்கலாம். ஊருக்கு ஊர் இடைவெளி இருப்பதால் குடிதண்ணீர், டார்ச், கனமான சட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். எதிர்காற்று வீசும் நாளில் மேட்டைவிடச் சமவெளி கஷ்டம் கொடுக்கும், அவசரப்படாமல் மிதியுங்கள். இரவு பண்ணை வீட்டில் தங்கினால், ரோமம் கத்தரிக்கும் கொட்டகையைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆடு வளர்க்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.