பத்து எம்.எம். தட்டு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கார்கள் சிலவற்றில் பின் சக்கரம் மட்டும் ஃபெண்டர் விளிம்புவரை தள்ளி நிற்கும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகிய அலுமினியத் தட்டு, வீல் ஸ்பேசர், செய்கிற வேலை அது. நண்பர் ஒருவரின் அறிமுகத்தில் தென்காசி வட்டார லேத் பட்டறைகளுக்கு நான் போனது இந்தத் தட்டைக் கடைகிறவர்களின் வேலையைப் பார்க்கத்தான். கடைசலில் எனக்குக் குறை தெரியவில்லை. தட்டைக் கேட்கிற முறையில்தான் ஆபத்து இருக்கிறது.

உருளையிலிருந்து அறுத்த வட்டத்தைச் சக்கில் பிடித்து, ஒரு முகத்தைச் சீவி, அதே பிடியில் நடுத்துளையையும் போரிங் செய்துவிட வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்து, டயல் கேஜின் முள் ஆடாமல் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்த பின்தான் மறுமுகம். இரண்டு முகங்களும் இணையாக இல்லையென்றால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கோணும். மாருதி ஸ்விஃப்ட்டில் நான்கு ஸ்டட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கு இடையே 70.7 மி.மீ. வர வேண்டும். டிவைடரால் இதைக் கீறிக் குறிப்பது கைப்பழக்கம். அந்தக் கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கைக்கு வந்து சேர்கிற ஆர்டர், ‘பத்து எம்.எம்.ல ரெண்டு தட்டு’ என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. கார் வருவதில்லை, ரிம்மும் வருவதில்லை.

கனம் மட்டும் தெரிந்தால் ஏன் போதாது? ஸ்விஃப்ட்டின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொறியியல் வழக்கம். அதாவது ஏறத்தாழப் பத்துச் சுற்று. பழைய ஸ்டட்டை மாற்றாமல் 10 மி.மீ. தட்டைச் செருகினால் எட்டுச் சுற்று போய்விடும். ஹப்பின் நடுவில் ரிம் உட்காரும் உதடு சில மில்லிமீட்டர்தான். தட்டு அதை மூடிவிட்டால், தட்டிலேயே புதிய உதடு கடைந்தாலொழிய ரிம்மை மையத்தில் தாங்க எதுவுமில்லை. கூம்பு நட்டு தானாக மையத்துக்குக் கொண்டுவரும் என்பார்கள். உண்மைதான், காரைத் தூக்கி நிறுத்தி எதிரெதிர் நட்டுகளைச் சீராக முடுக்கினால். ஸ்பேனர்மேல் ஏறி மிதித்து முடுக்கும் இடத்தில் அது நடக்காது.

ஜெர்மனியில் சட்டப்படியே ஸ்பேசர் போடுகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அங்கே எந்தக் காருக்கு, எந்தக் கனம், எவ்வளவு நீள போல்ட் என்று சோதனைச் சான்றிதழோடு விற்கிறார்கள். கனத்தை மட்டும் கேட்டு வாங்குகிற தட்டுக்கு அப்படி ஒன்றுமில்லை. வெளியே தள்ளிய ரிம் வாங்கினாலும் பேரிங்குக்கு அதே சுமைதானே என்பதும் சரிதான். ஆனால் ரிம் ஹப்போடு நேரடியாக இறுகும். நடுவே இன்னொரு இணைப்பு இருக்காது. அகலம் கூடினால் கார் நிலையாக ஓடும் என்ற வாதம்தான் மெலிந்தது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்தில் பக்கத்துக்கு 20 மி.மீ. கூடினாலும் மூன்று சதவீதம்கூட ஆகாது. அந்த 20 மி.மீ. பின் பேரிங்கை மட்டும் நெம்புகோல்போல் வளைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஊர்ப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்: ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஈரச் சாலை, ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் வளைவுகள். பின் சீட்டும் டிக்கியும் ஏற்றுகிற பாரத்தில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்குத்தான் போகிறது.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று நீள்துளை போட்டு விற்கிற தட்டுகள்மேல்தான் என் கோபம். விற்பவர் ஹப்பைப் பார்ப்பதில்லை, மரையை எண்ணுவதில்லை. லாபம் அவருக்கு, கடைந்தவருக்குக் கூலி மட்டும். சக்கரம் கழன்றால் முதலில் பட்டறையைத்தான் கேட்பார்கள். சட்டமோ காரின் உரிமையாளரைப் பிடிக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

உங்கள் ஸ்விஃப்ட்டில் ஏற்கெனவே தட்டு இருந்தால், மலை ஏறுமுன் ஒரு நட்டைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது சுற்றுகளை எண்ணுங்கள். பத்து வரவில்லையென்றால் தட்டை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.