1.7 விநாடி

2015 அக்டோபர், இண்டியானாபொலிஸ். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் டபிள்யூ.என்.பி.ஏ. இறுதிச்சுற்றில் மூன்றாவது ஆட்டம். புள்ளிகள் 77-77. மிச்சமிருப்பது 1.7 விநாடி. கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த பந்தை மின்னசோட்டா லின்க்ஸின் மாயா மூர் பிடிக்கிறார். பிடித்தவுடன் யாராக இருந்தாலும் எறிந்துவிடுவார்கள். மாயா எறியவில்லை, எறிவதுபோல் போக்குக் காட்டினார். தடுக்க வந்தவர் துள்ளிப் பாய்ந்து அவரைக் கடந்து போய்விட்டார். பிறகு பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, எம்பி எறிந்தார். மணி ஒலித்தது, பந்து வளையத்துக்குள் விழுந்தது. 80-77.

அந்தக் காணொளியை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் போக்குக் காட்டலுக்காகத்தான். கையில் இருப்பதே ஒன்றரை விநாடிச் சொச்சம். அதிலும் ஒரு பங்கை எடுத்து, எதிராளி தவறட்டும் என்று காத்திருக்க எப்படி மனம் வந்தது? அந்த நிதானம் எங்கே கிடைத்தது?

நான்கு கோப்பைகள், 2014-இன் மிகச் சிறந்த வீராங்கனை விருது, இரண்டு ஒலிம்பிக் தங்கம் எல்லாம் கிடைத்த பிறகு, 2019 தொடக்கத்தில், 29 வயதில், ஆட்டத்தைவிட்டு விலகினார். பெரிய காரணம், சொந்த ஊரான ஜெஃபர்சன் சிட்டியின் சிறையில் இருந்த ஜொனாதன் ஐயன்ஸ். சிறையில் ஊழியம் செய்த உறவினர்கள் வழியாக, மாயாவின் 18 வயதில் அவருக்கு அறிமுகமானவர். ஒரு வீட்டில் திருட்டும் துப்பாக்கிச்சூடும் நடந்த வழக்கில் 1997-இல் கைதானபோது ஐயன்ஸுக்கு 16 வயது. 50 ஆண்டுத் தண்டனை. அவர்தான் செய்தார் என்று காட்ட ஒரு தடயமும் இல்லை. வீட்டிலிருந்த ஒரு கைரேகை அவருடையதுமல்ல, வீட்டுக்காரருடையதுமல்ல. அதைச் சொன்ன அறிக்கை ஐயன்ஸின் வக்கீல் கைக்குப் போகவே இல்லை.

ஒரு காகிதம் கைமாறாததால் ஒரு பையனின் இளமை முழுவதும் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது, அது எடுபடவில்லை. ஜூலை 1 அன்று ஐயன்ஸ் சிறைவாசலுக்கு வந்தபோது அவருக்கு 40 வயது. அவரைக் கண்டதும் மாயா மண்டியிட்டுத் தரையில் விழுந்துவிட்டார். ஆட்டக்களத்தில் எந்த வெற்றிக்கும் அவர் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டே இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். களத்துக்குத் திரும்பாமலே 2023-இல் மாயா ஓய்வை அறிவித்தார்.

இன்னும் எத்தனை கோப்பைகள் வென்றிருக்கலாம் என்று ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் என்னை அதிகம் இழுப்பது அவர் தொடங்கிய ‘வின் வித் ஜஸ்டிஸ்’ இயக்கம். அதன் பேச்செல்லாம் அரசு வழக்கறிஞர்களைப் பற்றியது: அவர்கள் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அவர்களுக்கு எதை வெற்றி என்று சமூகம் எண்ணிக் கொடுக்கிறது. தண்டனை வாங்கிக் கொடுத்தாலே ஜெயித்ததாகக் கணக்கு வைத்தால், கைரேகை அறிக்கை மேசைக்குள்ளேதான் கிடக்கும். வாழ்நாள் முழுக்கப் புள்ளிப்பலகையைப் பார்த்தபடியே வளர்ந்த பெண் அல்லவா, பலகை எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.