துரை நாற்காலி

எங்கள் அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஒரு நாற்காலியைத் துடைத்தார். ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கம்பெனி. அப்பா அங்கே அட்டெண்டர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போய், நம்மவர்கள் மானேஜராகி, ஏ.ஸி. வந்து, கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த நாற்காலிக்கு ஆபீஸில் பெயர் 'துரை நாற்காலி'தான். உயரமான முதுகு, தலைக்கு இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி இறக்கை, பழுப்புத் தோல், ஓரமெல்லாம் பித்தளை ஆணி. இங்கிலீஷில் 'விங்பேக்' என்பார்கள்.

அப்பாவுக்குப் போன மாசம் எழுபத்தைந்து வயது. ஸ்கூட்டருக்காகச் சேர்த்து வைத்திருந்த நாற்பதாயிரத்தில் அவருக்கு ஒரு துரை நாற்காலி வாங்கித் தருவது என்று தீர்மானித்தேன். விஷயத்தை வீட்டில் சொன்னதும் சகதர்மிணி கேட்டாள்: "மாமா உக்கார்றதுக்கு வாங்கறீங்களா, நீங்க போட்டோ எடுத்துப் போட்டுக்கறதுக்கா?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் இல்லறம்.

ஈ.ஸி.ஆரில் மரக்காணத்து உப்புக் குவியல்களை எல்லாம் தாண்டி, புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரோவில் பக்கம் திரும்பினால் குயிலாப்பாளையம். 1968-ல் ஆரோவில் உருவானதிலிருந்து உலகத்து ஜனமெல்லாம் வந்துபோகும் ஊர். இடித்த வீட்டுக் கதவு, தேக்குத் தூண், ஜன்னல், அலமாரி என்று யாரோ விட்டுப்போன வாழ்க்கையெல்லாம் இந்தப் பக்கத்துக் கடைகளில் விலைச்சீட்டோடு நிற்கும்.

நாங்கள் நுழைந்த கடையில் நான் தேடியது வாசலிலேயே இருந்தது. பளபளவென்று, அசல் துரை!

"லண்டன் சரக்கு சார். 1890. ஒரிஜினல் லெதர்" என்றார் கடைக்காரர். விலை அறுபத்தைந்தாயிரம். நான் பி.காம். வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால் நாற்காலியின் மதிப்பு கடைசியில் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவன். 1890-லிருந்து கழித்திருந்தால் கடைக்காரர்தான் எனக்குப் பணம் தர வேண்டும். ஆனாலும் பேரம் பேசி நாற்பதுக்கு இறக்கி, பர்ஸில் கை வைத்தேன்.

"தம்பி, ஒரு கை பிடிங்க. கவுத்துப் பார்த்துடலாம்" என்றார் அப்பா.

கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. நாற்காலி தலைகீழானது. அப்பா அடியிலிருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கினார்.

"இங்க பாரு, ஸ்டார் ஸ்க்ரூ. அந்தக் காலத்து ஸ்க்ரூவுல ஒரே ஒரு கோடுதான் இருக்கும்."

வாஸ்தவம்தான். ஸ்டார் ஸ்க்ரூவுக்கு பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் பேடண்ட் வாங்கியதே 1936-ல்தான். 1890 நாற்காலிக்குள் அது எப்படி வந்தது?

"ரிப்பேர்ல மாத்தியிருப்பாங்க ஐயா."

"இருக்கலாம் தம்பி. அப்ப கட்டையையும் சேர்த்து மாத்தினாங்களா? இது நம்ம தேக்கு. உள்ளே குதிரை முடி இல்லே, ஸ்பிரிங் இல்லே. வெறும் ஃபோம். தோலோட அடிப்பக்கம் நார் நாரா இருக்கணும். இதுல துணி இருக்கு. ரெக்ஸின்."

நாலே நிமிஷம். நூற்றுச் சொச்ச வருஷம் மளமளவென்று சரிந்து நாற்காலி நேற்றுப் பிறந்ததாகிவிட்டது. கம்பெனி நாற்காலியை ஒருமுறை பிரித்துத் தைத்தபோது, மூன்று நாள் தைக்கிறவர் கூடவே காவலுக்கு உட்கார வைத்தார்களாம் அப்பாவை. அந்தப் படிப்பு!

கடைக்காரர் நல்ல மனுஷர். கோபப்படாமல் சிரித்துவிட்டு, "ஐயா, உள்ளே வாங்க. உங்களுக்குத்தான் அதைக் காட்டணும்" என்று கொல்லைப்புறக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே சாக்குக்கு அடியில் ஒன்று. தோல் ஆற்றுப்படுகை மாதிரி வெடித்திருந்தது. அப்பா தடவிப் பார்த்துக் கையை என்னிடம் காட்டினார். விரலெல்லாம் சிவப்புப் பொடி.

"பட்டையில பதப்படுத்தின தோலுக்கு வயசானா இப்படித்தான் உதிரும். இது நிஜம்."

அந்தக் காலத்தில் மதராஸ் ராஜதானியில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டன் போயிருக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் நம் தோல் போயிருக்கிறது. 'லண்டன் லெதர்' என்று நாம் வாயைப் பிளக்கிற சரக்கில் சிலது நம்மூர் மாட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம்.

விலை கேட்டேன். தொண்ணூறாயிரம். என் ஸ்கூட்டரை இரண்டு தடவை விற்றாலும் கட்டாது.

"சும்மா உக்காந்து பாருங்க ஐயா" என்றார் கடைக்காரர்.

அப்பா செருப்பைக் கழற்றினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. முதலில் நுனியில், பிறகு மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "டேய், இந்தப் பக்கமா வந்து நில்லு" என்றார்.

போய் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், அங்கதான்." நேராகவே பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியலை. சுத்தமா தெரியலைடா."

"என்னப்பா தெரியலை?"

"ஃபைலை எடுத்துக்கிட்டு நான் அந்த இடத்துலதான் நிப்பேன். சில நாள் கால் மணி நேரம்கூட. திரும்பியே பார்க்க மாட்டாங்க. திமிருன்னு நினைச்சேன். இல்லடா. இந்த ரெக்கை மறைச்சிருக்கு."

எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. அந்த இறக்கையின் கதை எனக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. கணப்பு அடுப்புக்கு எதிரே உட்காருகிறவருக்குப் பக்கவாட்டில் குளிர்காற்று அடிக்காமல், அடுப்பின் சூடு வீணாகாமல் பிடித்துவைக்கத்தான் அந்த ஏற்பாடு. நம்மூரில் குளிருமில்லை, அடுப்புமில்லை. காற்று வந்தால் போதும் என்று கும்பிடுகிறவர்கள் நாம். இங்கே அந்த இறக்கை மறைத்தது பக்கத்தில் நின்ற ஆளைத்தான்.

திரும்பும்போது கார் பின்சீட்டில் சகதர்மிணி கேட்டாள்: "மாமா, ரெக்கை கண்ணைத்தானே மறைக்கும்? நீங்க கூப்பிட்டா காதுலயுமா விழாது?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசின.

"நான் எங்கம்மா கூப்பிட்டேன்?" என்றார்.

அப்புறம் மாமல்லபுரம் வரை யாரும் பேசவில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய நாற்காலி வாங்கப் போனால் பர்ஸைத் திறக்கும் முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். முடிந்தால், அதைத் துடைத்தவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். உட்கார்ந்தவருக்கு மேல்பக்கம் மட்டும்தான் தெரியும்.

எங்கள் காரின் டிக்கியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி. அப்பாவே கவிழ்த்துப் பார்த்து, அப்பாவே பேரம் பேசியது. முதுகிலும் பக்கத்திலும் காற்று புகுந்து புறப்படும். இப்போது பால்கனியில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிகிறது.

காய்கறி வண்டிக்காரர், கூரியர் பையன், எதிர் வீட்டு வாட்ச்மேன் என்று தெருவில் யார் போனாலும், அப்பாதான் முதலில் கூப்பிடுகிறார்.