மண்ணுக்கடியில் ஒரு பாதை: கல்கத்தாவின் பாதாள இரயில்

பாரத நாட்டின் பெருநகர்களுள் கல்கத்தாவுக்கெனத் தனிச் சிறப்புகள் பல உண்டு. 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என அதன் பெயர் மாறிற்று. எனினும், நம் இல்லங்களில் பழைய பெயரே இன்றும் நாவில் தங்கியிருக்கிறது. இந்தியாவில் மண்ணுக்கடியில் மக்களை ஏற்றிச் செல்லும் நகர இரயில் முதன்முதலாக ஓடியது இந்நகரில்தான். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை அது புறப்பட்டது. அன்று அதன் நீளம் 3.4 கிலோமீட்டர், நிலையங்கள் ஐந்து.

ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையையொட்டி, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஊர் இது. மக்கள் பெருகினர், வாகனங்கள் பெருகின, சாலைகள் மட்டும் பெருகவில்லை. நகரின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் சாலைக்கென இருக்கவில்லை. மேலே இடமில்லாத ஊர், கீழே இடம் தேடியதில் வியப்பென்ன?

இவ்வெண்ணம் மிகப் பழையது. 1920-களிலேயே ஹார்லி டால்ரிம்பிள் ஹே என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கல்கத்தாவுக்கு ஒரு பாதாள இரயில் திட்டம் வகுத்தார். பொருள் வசதியின்மையால் அது ஏட்டளவில் நின்றது. ஆயினும் அவர் வடிவமைத்த வேறொரு சுரங்கம், மின்கம்பிகளைக் கொண்டு செல்வதற்காக, 1931-இல் ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் இக்கனவுக்கு மீண்டும் உயிரூட்டினார். இறுதியில், 1972 டிசம்பர் 29 அன்று பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அடிக்கல் நாட்டியதோடு இடர்ப்பாடு தீரவில்லை. அங்குதான் அது தொடங்கிற்று. கல்கத்தாவின் மண் மெல்லிய களிமண். சில அடிகள் தோண்டினாலே நீர் ஊறும். ஆகவே பெரும்பகுதிப் பாதையை, சாலையைத் திறந்து வெட்டி, பின்பு மூடும் முறையிலேயே அமைத்தனர். முதலில் சாலையின் இருமருங்கிலும் குறுகிய ஆழமான பள்ளங்கள் தோண்டப்படும். அவை இடிந்து விழாதிருக்க, ஒருவகைக் களிமண் குழம்பை அவற்றுள் நிரப்புவர். பின்னர் இரும்புக் கம்பிக் கூடுகளை இறக்கிக் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்புவர். இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள மண்ணை அகற்றி, தளமும் கூரையும் அமைத்தபின் மேலே மீண்டும் சாலை போடுவர். பெல்காச்சியா, சியாம்பஜார் இடையே மட்டும், மேலே இருப்புப்பாதைகள் கிடந்தமையால், மண்ணைத் திறவாமலே உள்ளே துளைத்துச் சென்றனர்.

எழுதுவதற்கு இது எளிது. அதனருகே வாழ்ந்தோர்க்கு அது எளிதாக இருக்கவில்லை. புதைந்து கிடந்த குடிநீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் மின்கம்பிகளையும் முதலில் இடம் மாற்ற வேண்டியிருந்தது. பணம் தட்டுப்பட்டது, நீதிமன்றத் தடைகள் குறுக்கிட்டன. சௌரங்கியும் சித்தரஞ்சன் அவென்யூவும் ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்தன. டம்டம் முதல் டாலிகஞ்சு வரையுள்ள 16.45 கிலோமீட்டர் பாதை 1995 செப்டம்பர் 27 அன்றுதான் முழுமை பெற்றது. அடிக்கல் நாட்டிய நாளில் பிறந்த குழந்தைக்கு அன்று வயது இருபத்திரண்டு!

பாதாள இரயிலில் ஏறுவோர் கண்டு மகிழத்தக்கவை பல. இரவீந்திர சதன் நிலையத்தின் சுவர்களைக் கவிஞர் தாகூரின் ஓவியங்களும் கையெழுத்தும் அணிசெய்கின்றன. பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி மேலேறினால், 2004-இல் அன்னை தெரேசாவின் பெயர் சூட்டப்பெற்ற சாலையில் நிற்போம். நம்மவர் பெருமைப்படவும் ஒன்றுண்டு: இப்பாதையில் முதன்முதல் ஓடிய பெட்டிகள் நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவானவை.

ஆற்றைக் கடக்கும் பழைய கனவும் பின்னாளில் நிறைவேறியது. சால்ட் லேக்கையும் ஹௌரா மைதானத்தையும் இணைக்கும் கிழக்கு மேற்குப் பாதைக்காக, 2017-இல் ஹூக்ளியின் அடியில் இரட்டைச் சுரங்கங்கள் துளைக்கப்பட்டன. 2024 மார்ச்சு மாதத்தில் அவற்றில் இரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 520 மீட்டர் அகலமுள்ள ஆற்றை முக்கால் நிமிடத்தில் கடந்து விடுகிறோம்.

ஆற்றை வென்ற அப்பணி, கரையேறிய பின்னரே பெருந்துன்பம் விளைத்தது. 2019 ஆகஸ்டு 31 அன்று பௌபஜார் பகுதியில் துளைக்கும் எந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைத் தாக்க, நீரும் சேறும் சுரங்கத்துள் பாய்ந்தன. மேலே மண் தாழ்ந்தது. பொற்கொல்லர் வாழும் சந்துகளில் பழைய வீடுகள் விரிசல் கண்டன. சில இடிந்து வீழ்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல். ஆனால், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டைவிட்டு, நூற்றுக்கணக்கானோர் கைக்குக் கிடைத்ததோடு வெளியேறி விடுதிகளில் தங்க நேர்ந்தது. 2022-இலும் அங்கே மீண்டும் விரிசல்கள் தோன்றின. இறுதியாக, 2025 ஆகஸ்டு 22 அன்று சியால்தாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே எஞ்சியிருந்த பகுதி திறக்கப்பட, பாதை முழுமையுற்றது.

பொது நன்மைக்கான பணி எதற்கும் ஒரு விலை உண்டு. பயன் ஊர் முழுவதற்கும். விலையோ பாதைக்கு நேர் மேலே குடியிருந்த சிலருக்கு. இழப்பீடு வீட்டின் மதிப்பை ஈடுசெய்யலாம். அவ்வீட்டில் கழிந்த வாழ்வை எதைக் கொண்டு ஈடுசெய்வது? நம் ஊர்களிலும் இத்தகைய பாதைகள் எழும் காலம் இது. எவ்வளவு விரைவாகக் கட்டினோம் என்று கேட்குமுன், மேலே இருப்பவரை எவ்வளவு பேணினோம் என்று கேட்பதே முறை.

கல்கத்தா செல்லும் வாசகர்கள் ஆற்றின் அடியில் இரயிலில் சென்று மகிழட்டும். அத்துடன் ஒரு பொழுது பௌபஜாரின் குறுகிய சந்துகளிலும் காலாற நடந்து வரட்டும். அப்பாதையின் வரலாற்றில் அரைப்பங்கு அங்கேதான் இருக்கிறது.